கரியால் வெளுத்த முகங்கள்

புகைப்படத் தொழிலில் நாற்பது வருஷங்கள் காலம் தள்ளியவன் எத்தனை முகங்களைப் பார்த்திருப்பான் என்று யாரேனும் கேட்டால், அதற்குக் கணக்குச் சொல்ல என்னால் ஆகாது. எத்தனை முகங்களை வெளுப்பாக்கினாய் என்று கேட்டாலோ, ஏறக்குறைய எல்லாவற்றையும்தான் என்று கூசாமல் சொல்லிவிடுவேன். கூச வேண்டிய விஷயம்தான். ஆயினும் அந்நாளில் ஜனங்கள் கூலி கொடுத்தது அதற்குத்தான். அதைச் செய்யத் தெரியாதவனுடைய ஸ்டூடியோவில் ஈ கூட வந்து உட்காராது.

வெளுப்பாக்கும் இந்த வித்தையின் விசித்திரம், அது முழுக்க முழுக்கக் கரியால் செய்யப்படுவது. நெகட்டிவில் வெளிச்சம் பட்ட இடம் கறுத்தும் படாத இடம் தெளிந்தும் இருக்குமாதலால், அச்சில் ஒரு கன்னம் வெள்ளையாக விழவேண்டுமானால் நெகட்டிவில் அந்தக் கன்னத்தைக் கறுப்பாக்க வேண்டும். இதற்கென்று சாய்வான ஒரு மேஜை. அதன் நடுவில் தேய்த்த கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. தலைக்கு மேல் கறுப்புத் துணி. குங்கிலியத்தை டர்பென்டைனில் கரைத்து வைத்த 'மீடியம்' என்னும் பசையை நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில் பஞ்சால் தேய்த்து, அது பிசுபிசுப்பு மாறிக் காய்ந்ததும், ஓர் அங்குல நீளம் கரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி சீவி உப்புத்தாளில் ஊசி முனையாகத் தீட்டிய பென்சிலால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிறு சிறு சுழிகளாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரையில் நிரப்பிக்கொண்டே வரவேண்டும். ஒரு சுழி அழுந்திவிட்டால் அச்சில் வெள்ளைத் தேமலாக விழுந்துவிடும். அப்படிக் கெட்டுவிட்டால் டர்பென்டைனில் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்து, பசையும் கரியும் ஒருங்கே போனபின் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம் என்பதுதான் இந்த வேலையில் ஒரே ஆறுதல்.

இதை எனக்குக் கற்பித்தவர் பெரம்பூரில் ரயில்வே பணிமனையை அண்டி ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். 1963ஆம் வருஷம், பதினெட்டு வயதில், அவரிடம் தட்டுக் கழுவவும் தரை பெருக்கவும் சேர்ந்தேன். என் கையில் அவர் முதன்முதலாகப் பென்சிலைக் கொடுத்தபோது சொன்ன வார்த்தை: “மூக்கை மாத்தாதேடா. மூக்கு அவங்க அப்பன் சொத்து. நிறம்தான் நம்ம சொத்து.” இதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அவர் விடாப்பிடியாக ஆர்த்தோ பிலிமையே உபயோகித்தார். சிவப்பு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, படம் எழுவதைக் கண்ணால் பார்த்தபடியே கழுவலாம் என்ற சௌகரியம் அதில் இருந்தது. சிவப்பு விளக்கில் அது கெடாததற்குக் காரணம் அந்தப் பிலிமுக்குச் சிவப்பே தெரியாது என்பது. ஆகவே குங்குமம் அதில் கறுப்புப் பொட்டாகும், வெற்றிலை போட்ட உதடு மை தடவினாற்போலாகும், மாநிறமான மனிதர் இரண்டு படி கீழே இறங்கிவிடுவார். பிலிம் கறுப்பாக்கியதைத்தானே பென்சில் நேர் செய்கிறது என்று எங்களுக்கு நாங்களே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டோம். பிலிம் இறக்கிய இரண்டு படியோடு நிற்காமல் பென்சில் நாலு படி ஏற்றியதே, அதற்கு நியாயம் என்ன என்று யாரும் கேட்கவில்லை; நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரம்பூர் வாடிக்கைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் ரயில்வேக்காரர். அவர்களிலும் போட்டோ என்றால் காசை எண்ணாமல் கொடுப்பவர்கள் ஆங்கிலோ இந்தியர்கள், ஊர் வழக்கில் சட்டைக்காரர்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கிய பிற்பாடு என்ஜின் டிரைவர்களாகவும் கார்டுகளாகவும் பணிமனை மேஸ்திரிகளாகவும் பரம்பரை பரம்பரையாக அந்த இரும்புப் பாதையோடு வாழ்ந்தவர்கள், சுதந்திரம் வந்தபின் ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஆஸ்திரேலியாவில் அப்போது நடப்பிலிருந்த வெள்ளையர் கொள்கை, கலப்பு வம்சத்தவர் அங்கே குடியேற விரும்பினால் அவர்கள் தோற்றத்தில் பெரும்பாலும் ஐரோப்பியராக இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தது. 1973ல்தான் அந்தக் கொள்கை அடியோடு கைவிடப்பட்டது. தோற்றம் என்று அதிகாரிகள் காகிதத்தில் எழுதிவிட்டால், அதன் பாரம் கடைசியில் வந்து விழுவது போட்டோ எடுப்பவன் தலையில்.

ஒரு டிரைவர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கும் கடைக்குட்டிக்கும் பூனைக் கண்ணும் செம்பட்டை மயிரும். நடுப்பிள்ளையோ எங்கள் தெருப் பையன்களோடு கோலி விளையாடும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலன்றி யார் என்று கண்டுபிடிக்க முடியாதவன். ஆசான் அந்தப் பிள்ளையை மட்டும் தனியாக உட்காரவைத்து, விளக்கை நேருக்கு நேர் அடித்து, இரட்டை மடங்கு வெளிச்சம் கொடுத்து, கழுவியதை என் கையில் தராமல் தாமே உட்கார்ந்து பென்சில் போட்டார். படம் வெகு நேர்த்தியாக வந்தது. சில மாதங்களுக்குப் பின் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போயிற்று. நடுப்பிள்ளை மட்டும் பாட்டியோடு பெரம்பூரிலேயே இருந்தான். அப்புறம் வருவான் என்று சொன்னார்கள். நான் காரணம் விசாரிக்கவில்லை. அவனும் எங்கள் ஸ்டூடியோப் பக்கம் அதன்பின் வரவில்லை.

வெகு காலத்துக்குப் பின் நமது அரசியல் சட்டத்தின் 366ஆவது பிரிவைப் படிக்க நேர்ந்தபோது அந்தப் பையன் நினைவுக்கு வந்தான். தந்தையோ, தந்தை வழியில் வந்த வேறெந்த ஆண் மூதாதையோ ஐரோப்பிய வம்சத்தவராக இருக்க, இந்நாட்டில் நிலையாகக் குடியிருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர் ஆங்கிலோ இந்தியர் என்பது அதன் சாராம்சம். இந்த வரையறையின்படி அவன் தன் அண்ணனுக்கும் தம்பிக்கும் எள்ளளவும் குறைந்தவன் அல்லன். நிறத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்த மட்டில் அது நல்ல சட்டம். ஆனால் ஒரு மனிதனுக்குக் கொள்ளுத் தாத்தா கொள்ளுப் பாட்டி என்று எண்மர் இருக்க, சட்டம் விசாரிப்பதோ தகப்பன் வழித் தகப்பனான ஒரே ஒருவரை. மற்ற எழுவரும் அவன் உடம்பில் இருக்கிறார்கள், காகிதத்தில் இல்லை. அந்தச் சமூகத்துக்கென்று லோக்சபையில் இருந்த நியமன ஸ்தானங்களும் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின.

1968ல் தனியே கடை வைத்தேன். வியாசர்பாடியில், பி.வி. காலனி என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் பக்தவத்சலம் காலனிக்கு அருகில், பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை. பின்புறம் சமையற்கட்டாக இருந்த இடம் டார்க் ரூம். பின்னி மில் தொழிலாளர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்துக் கூலிகள் ஆகியோரே என் வாடிக்கை என்று எண்ணித்தான் போனேன். போன ஒரு மாதத்துக்குள் பர்மாக்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.

பர்மாக்காரர்கள் என்று நாம் சொல்வது பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களை. ஒரு காலத்தில் ரங்கூன் நகரம் பாதிக்கு மேல் இந்தியர்களால் நிரம்பியிருந்தது என்று 1931ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு சொல்லும். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டபோது ஒரு கூட்டம் காட்டு வழியே கால்நடையாக ஓடிவந்தது. வழியில் மாண்டவர் பலர். எஞ்சியோரும் யுத்தம் ஓய்ந்தபின் திரும்பிப் போனோரும் அங்கேயே வேரூன்றியிருக்கையில், 1962 மார்ச்சில் ஆட்சியைப் பிடித்த தளபதி நே வின், கடைகளையும் வியாபாரங்களையும் அரசுடைமையாக்கி, 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் நோட்டுகளையும் செல்லாதவையாக்கினார். அதன்பின் கப்பல் கப்பலாக மதராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்கு நகையோ ரொக்கமோ பெரிதாகக் கொண்டுவர அனுமதி இல்லாதபடியால், தலைமுறைத் தேட்டமெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. கொண்டுவர முடிந்தவை வாயின் ருசியும் முகமும்தான். ருசி, தள்ளுவண்டியில் வாழைத்தண்டு சூப்போடு அத்தோவாக இன்றுவரை வடசென்னைக்குச் சோறு போடுகிறது. முகத்தைப் பற்றித்தான் நான் சொல்லவேண்டும்.

ஐம்பது, அறுபது வருஷங்களாக இங்கிருந்து கப்பலேறியவர்கள் பெரும்பாலும் தனி ஆண்கள். நெல் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தோணிக்கும் போன ஆண்பிள்ளை, ஊரில் பெண்டாட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அங்கே ஒரு பர்மியப் பெண்ணோடு குடித்தனம் நடத்தியது சகஜம். இது எவ்வளவு சகஜமாகவும், எவ்வளவு மனஸ்தாபத்துக்குக் காரணமாகவும் இருந்தது என்றால், பௌத்தரல்லாதவரை மணக்கும் பௌத்த ஸ்திரீகளின் விவாகத்துக்கும் சொத்துரிமைக்கும் என்றே 1939ல் பர்மாவில் ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இந்தக் குடித்தனங்களில் பிறந்த பிள்ளைகளை அந்நாட்டார் 'கபியா' என்பார்கள், கலந்தவர்கள் என்று பொருள். பிள்ளை தகப்பனைக் கொண்டு பிறந்துவிட்டால் அந்த வார்த்தைகூட மிஞ்சாது; இந்தியன் எவனுக்கும் அவர்கள் வைத்த 'கலா' என்ற பெயரே அதற்கும் விழும்.

நான் கடை வைத்த அந்த வருஷம் ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதமாகையால் கடையில் வேலை இல்லை. மத்தியான வேளையில் ஒரு குடும்பம் வந்தது. புருஷர் நெடிய கறுத்த மனிதர், துறைமுகத்தில் வேலை, எண்ணெய் தடவி வாரிய தலையும் சலவைச் சட்டையுமாக, நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காராமல் நின்றார். அந்த அம்மாள் சேலைதான் கட்டியிருந்தார். ஆனால் இரண்டு கன்னத்திலும் வட்ட வட்டமாகத் தனக்கா பூசியிருந்தது. அந்த மரப்பட்டையை நம் சந்தனக்கல் போன்ற ஒரு கல்லில் தண்ணீர் விட்டு இழைத்துப் பூசுவது பர்மியப் பெண்களுக்கு மஞ்சள் பூசுவதுபோல. ஆர்த்தோ பிலிமில் அது இரண்டு வெள்ளை ஒட்டுகளாக விழுந்துவிடும். கழுவிவிட்டு வரச் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, அவர் பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்து நின்றாள்: தாயின் நிறம், தாயின் சிறு கண், சிறு மூக்கு. அவளுக்குப் பின்னால் எட்டு வயதில் கறுத்த ஒரு சிறுமி, பள்ளிக்கூடப் பாவாடையோடு. தெருவில் காமிராவை வேடிக்கை பார்க்க வந்து நுழையும் பிள்ளைகள் அந்நாளில் ஏராளம்.

“ஏ பாப்பா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லு. இவங்க குடும்பத்தோட போட்டோ எடுத்துக்கணும்” என்றேன்.

அந்தக் குழந்தை முகம் சுளிக்கவில்லை, தாயைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இப்படித் தள்ளி நிற்பதில் வெகு நாள் பழகியவள்போல், சத்தம் செய்யாமல் திரைச்சீலையின் ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் இவ்வளவு காலம் அதைச் சுமந்துகொண்டிருக்க மாட்டேன். அந்த அம்மாள் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து அழைத்துவந்து, தம் முழங்காலுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு, கோபமே இல்லாத குரலில், “தம்பி, இதுவும் என் வயிறுதான்” என்றார்.

நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். போகஸ் பார்ப்பதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது. தேய்த்த கண்ணாடியில் நால்வரும் தலைகீழாக நின்றார்கள்.

பணம் கொடுக்கும்போது அந்த அம்மாள் ஒரு காரியம் கேட்டார். “ரெண்டு பேரையும் ஒரே நெறமா போட்டுக் குடு தம்பி. ரங்கூன்ல சின்னதைக் கலா, கலான்னாங்க. பெரியதை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலே. இங்க வந்தா சின்னதை ஒருத்தரும் திரும்பிப் பாக்கலே, பெரியதைச் சைனாக்காரிங்கிறாங்க. போட்டோவுலயாவது அக்கா தங்கச்சியா இருக்கட்டும்.”

சீன யுத்தம் முடிந்து ஆறே வருஷம் ஆகியிருந்த சமயம். சிறு கண்ணுடைய பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் என்ன வேதனை தந்திருக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவர். கடலுக்கு அந்தக் கரையில் அந்நியமாக இருந்தவள் இந்தக் கரையில் ஊர்க்காரியானாள், அங்கே ஊர்க்காரியாக இருந்தவள் இங்கே அந்நியமானாள். குழந்தைகள் இம்மியும் மாறவில்லை. கப்பல் ஒரு கடலைத் தாண்டியதுதான் நடந்தது. இனம் என்பது உடம்பில் எழுதியிருக்கிறது என்று சாதிப்பவர்கள் என்னிடம் வந்தால், இந்த ஒரு குடும்பத்தைத்தான் சொல்வது என் வழக்கம்.

நாலு மாலை உட்கார்ந்து சின்னவள் முகத்துக்குப் பென்சில் போட்டேன். டச்சப்புக்கென்று தனியாக நாங்கள் வாங்கும் காசை வாங்கவில்லை. அதைப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே நிறமாக்கச் சொன்னால் பெரியவளை ஏன் ஒரு படி இறக்கக்கூடாது என்ற எண்ணம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கூரிய கத்தியால் நெகட்டிவின் மருந்தைச் சுரண்ட வேண்டும். கடினம்தான், ஆனால் முடியாததல்ல. என் நாற்பது வருஷத்தில் அந்தக் கத்தியை ஒருவர் முகத்தில்கூட நான் வைத்ததில்லை, வைக்கும்படி ஒருவரும் கேட்டதுமில்லை.

ஆனால் அந்த நாலு மாலைகள் எனக்கு வேறொன்றைக் காட்டின. ஊசி முனை அளவில் ஒரு முகத்தை இஞ்சு இஞ்சாகக் கடந்து செல்பவனுக்கு நிறம் மறந்துபோகும், வடிவம் மட்டுமே மிஞ்சும். மூன்றாம் நாள் தாடைக்கு வந்தபோது, எங்கேயோ பார்த்த தாடை இது என்று பட்டது. நெகட்டிவை நகர்த்தித் தாயின் முகத்துக்குப் போனேன். அதே தாடை. காதின் மடல் கன்னத்தோடு ஒட்டியிருப்பது அப்படியே அதே விதம். அசையாதே என்று நான் சொன்னவுடன் தாயும் சின்னவளும் கீழுதட்டை ஒன்றுபோல் உள்ளே இழுத்துக்கொண்டது பிலிமில் பதிந்திருந்தது. தாயை உரித்து வைத்தாற்போல் என்று நான் எண்ணியிருந்த பெரியவளுக்கோ நெற்றியும் புருவமும் தகப்பனுடையவை. சாயலைப் பார்த்துப் பிழைப்பவனாகிய நான், நிறத்தைக் கண்டதும் சாயலைத் தேடாமலே விட்டிருந்தேன்.

என் பேரன் உயிரியல் படித்து, தான் படித்ததையெல்லாம் எனக்கு வந்து சொல்லும் பழக்கமுள்ளவன். அவன் சொன்னவற்றில் மற்றவர்களுக்கு விளங்காத ஒன்று எனக்குச் சட்டென்று விளங்கிற்று. அதற்குக் காரணம் என் தொழில். தாயும் தகப்பனும் கலந்து பிள்ளையாவதை ஜனங்கள் பாலும் டிகாக்ஷனும் கலப்பதுபோல என்று எண்ணுகிறார்கள். கலந்தால் நடுத்தரமான ஒரு நிறம் வரவேண்டும், பின் அதைப் பிரிக்கவும் முடியாது. பட்டாணிச் செடிகளை வைத்து மெண்டல் என்னும் துறவி கண்டு 1866ல் அச்சிட்ட உண்மை இதற்கு நேர் விரோதமானது: பெற்றோரிடமிருந்து வருபவை கரைந்துபோகாத தனித்தனித் துணுக்குகள், ஒரு தலைமுறையில் மறைந்திருப்பது அடுத்ததில் கட்டுக் குலையாமல் தலையெடுக்கும். நெகட்டிவைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வெறுங்கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரியும் கன்னத்தில் சாம்பல் என்ற வஸ்துவே கிடையாது. கன்னங்கரிய வெள்ளித் துகள்கள் இங்கே நெருங்கியும் அங்கே விலகியும் கிடக்கின்றன, அவ்வளவே. தோலும் அப்படித்தானாம். நிறமியை உண்டாக்கும் செல்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் எண்ணிக்கையில் ஏறக்குறைய சமம். அவை செய்யும் மெலனின் மணிகளின் அளவும் வகையும்தான் வித்தியாசப்படுகின்றன. அந்த வித்தியாசத்தை நிர்ணயிக்கும் மரபணுக்கள் ஒன்றிரண்டல்ல, பல. ஒவ்வொரு குழந்தைக்கும் தாயிடமிருந்து ஒரு பாதி, தகப்பனிடமிருந்து ஒரு பாதி. ஆனால் அக்காளுக்கு வந்த அதே பாதிதான் தங்கைக்கும் வரும் என்ற நிச்சயம் இல்லை. இரட்டைக் குழந்தைகள் ஒன்று கறுப்பும் ஒன்று வெள்ளையுமாகப் பிறந்துவிட்டால் இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதை அதிசயம் என்று படம் போடுமாம், பி.வி. காலனியில் அதை யாரும் செய்தியாகவே மதித்திருக்க மாட்டார்கள்.

இதற்குப் பர்மாவும் வேண்டாம், இங்கிலாந்தும் வேண்டாம். வரிக்குதிரை மீன் என்ற ஒரு சிறு மீனின் வெளிறிய ஜாதியை ஆராயப் புகுந்த அமெரிக்க விஞ்ஞானிகள், மனிதத் தோலை வெளுக்கச் செய்யும் ஒரு மரபணு வடிவத்தை 2005ல் கண்டறிந்தார்கள். எஸ்எல்சி24ஏ5 என்று அதற்குப் பெயர். ஐரோப்பியர் ஏறக்குறைய எல்லோரிடமும் உள்ள அதே வடிவம் நம் தேசத்திலும் பரவிக் கிடக்கிறது, தெற்கிலும் கணிசமாக உண்டு, அவர்களுடையதும் நம்முடையதும் ஒரே பழைய மூலத்திலிருந்து வந்தவை என்று ஹைதராபாத் செல், மூலக்கூறு உயிரியல் மையத்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து 2013ல் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே கிராமத்தில் கொடுத்துக் கொண்ட குடும்பத்தில் அண்ணன் கறுப்பும் தம்பி சிவப்புமாக இருப்பதன் ரகசியத்தில் ஒரு பங்கு இது. பர்மியரும் சீனரும் வெளுத்திருப்பதோ பெரும்பாலும் வேறு மரபணுக்களால். அப்படியானால் டிரைவர் வீட்டு மூத்தவனின் வெளுப்பும் இந்த அம்மாள் பெற்ற மூத்தவளின் வெளுப்பும் என் பிலிமில் ஒரே அளவு கரியாக விழுந்தாலும், அவை வந்த வழி வேறு வேறு. நிறத்தைக் கொண்டு வம்சத்தைச் சொல்பவன், கரியின் அளவைப் பார்த்துவிட்டுப் போட்டோவில் இருப்பவன் பெயரைச் சொல்கிறேன் என்பவனைப் போன்றவன்.

எண்பதுகளில் கலர் பிலிம் வந்து பென்சிலுக்கு வேலை போயிற்று. கலரில் உண்மை நிறம் விழும் என்று நம்பினேன், அதுவும் வீண். கோடாக் கம்பெனியார் லேப்களுக்கு அனுப்பிய அளவுகோல் அட்டையில் வெகுகாலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் படமே இருந்தது. முதன்முதலில் அதில் உட்கார்ந்தவள் பெயரால் அதை ஷர்லி அட்டை என்பார்கள். அவள் கன்னம் சரியாக வந்தால் நிறம் சரி என்று தீர்ப்பு. கறுத்த முகங்கள் குழியாக விழுவதைப் பற்றிக் கறுத்தவர்கள் முறையிட்டபோது அசையாதவர்கள், சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி விற்பவர்களும் தங்கள் சரக்குகளின் பழுப்பு நிறப் பேதங்கள் படத்தில் தெரியவில்லை என்று குறைப்பட்டபோது பிலிமைத் திருத்தினார்களாம். இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இப்போது கைபேசி தானாகவே வெளுப்பாக்கிவிடுகிறது; குங்கிலியமும் வேண்டாம், நாலு மாலையும் வேண்டாம்.

1998ல் ஒரு நாள், நாற்பதை நெருங்கிய ஒரு பெண்மணி, பதினாலு வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் சட்டம் உடைந்த பழைய போட்டோ. “என்னைத் தெரியுதா மாமா?” என்றார். தெரியவில்லை, போட்டோவைத் திருப்பிப் பின்பக்கத்தில் என் ரப்பர் முத்திரையையும் நம்பரையும் பார்த்த பிறகு தெரிந்தது. அம்மாள் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அக்காள் கல்யாணமாகி மணிப்பூர் எல்லையில் மோரேயில் இருக்கிறாளாம். பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று நடந்துபோன தமிழர்கள் தங்கிவிட்ட ஊர் அது, அங்காள பரமேசுவரிக்குக் கோயிலும் உண்டு. அங்கே அவள் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, வாயைத் திறந்து தமிழ் பேசினால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

“இதுல சின்னதா நிக்கறது நான்தான்னு எம் பொண்ணு நம்பவே மாட்டேங்குறா மாமா. இது யாரோ வேற பொண்ணுங்கிறா. என்னை நானாட்டம் ஒரு காப்பி போட்டுத் தர முடியுமா?”

அந்தப் பெண்ணை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். நிறம் தாயுடையது, தாத்தாவுடையது. கண்ணோ ரங்கூனிலிருந்து வந்த பாட்டியின் கண், இமையின் மடிப்பு உள்பட.

வெண்ணெய்க் காகித உறையில் நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. டர்பென்டைன் வாசனை அறையை நிறைத்தது. முப்பது வருஷத்துக் குங்கிலியம் இறுகிப்போயிருந்ததால் ஒரு துடைப்பில் போகவில்லை; பஞ்சை மாற்றி மாற்றி, பிலிமில் கீறல் விழாதபடி, நெற்றியிலிருந்து தாடைக்கு மெதுவாக வந்தேன். நாலு மாலைக் கரி நாலு பஞ்சில் வந்தது. அந்தப் பெண் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, “தாத்தா, அது என்ன அழுக்கு?” என்றாள். அது உன் அம்மாவை வெள்ளையாக்குவதற்கு நான் பூசியது என்று சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை, யாருக்குத்தான் விளங்கும்? நெகட்டிவை வாங்கி, ஓரத்தைப் பிடிக்கும்படி நான் சொன்னபடியே பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா, இதுல பாட்டியும் பெரியம்மாவும் கறுப்பா இருக்காங்க. நீயும் தாத்தாவும்தான் வெள்ளை.”

தாயார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். வியாழக்கிழமை வரச் சொன்னேன். இரண்டு காப்பி போடுங்கள், ஒன்று மோரேக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றார்.